ஆளில்லை என்று எழுதிய ஊர்

எங்கள் கந்தோரில் இனி வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலை கிடையாதாம். எந்த ஊரில் தொழிற்சாலை போடலாம் என்பதைக் கம்பியூட்டரில் வரைபடம் பார்த்தே முடிவெடுப்பார்களாம். அதையொட்டி ஒரு மலர் வெளியிடப் போகிறார்கள், பென்சன் எடுத்தவர்களிடம் ஆளுக்கொரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். எனக்குப் போனில் கோல் எடுத்த தம்பி, "சேர், இளம் உத்தியோகத்தர்மாருக்குப் பிரயோசனமா ஒண்டு எழுதித் தாங்க. நல்ல அனுபவமா இருந்தாப் போதும்" என்றான். நல்ல அனுபவம் எதுவும் என்னிடம் கைவசம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் நிந்தவூர்க்காரன். கைத்தொழில் சம்பந்தமான ஓர் அரசாங்கக் கந்தோரில் கள உத்தியோகத்தராக இருந்து தலை நரைத்தவன். ஒரு கொம்பனி தொழிற்சாலைக்கு இடம் தேடி எங்கள் பக்கம் வந்தால், காணியையும் தண்ணீரையும் கரண்டையும் எஞ்சினியர்மார் பார்ப்பார்கள். அங்கே இருக்கிற மனிதர்களைப் பார்ப்பது என் வேலை. இதற்காகக் கொழும்பில் ஆறு மாதம் பழக்கினார்கள். அந்த ஆறு மாதத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது விடுதி மூட்டைப்பூச்சியும், பதினேழு கேள்விகள் கொண்ட ஒரு படிவமும்தான்.

அந்தப் படிவத்துக்குப் பெயர் கிராமிய சமூக விபரம். வீட்டில் எத்தனை பேர், என்ன தொழில், எந்த மாதம் வயல் வேலை, எந்தப் பெருநாளுக்கு எத்தனை நாள் லீவு, ஊருக்குள் பழைய சண்டை ஏதும் உண்டா என்று போகும். கடைசிக் கேள்வி பதினேழாவது. குடும்பத்துப் பெண்களில் தொழிற்சாலை வேலைக்குச் செல்ல விருப்பமுள்ளோர் எத்தனை பேர்? அதற்குப் பதில் எழுத ஒரு சின்னக் கட்டம், ஓர் இலக்கம் எழுதத்தான் இடம் காணும். அதன் கீழே குடும்பத் தலைவரின் கையொப்பம், அதற்கும் கீழே விசாரித்த உத்தியோகத்தரின் கையொப்பம்.

தொழிற்சாலை எங்கே போகிறது என்பதைப் பாதையும் தண்ணீரும் தீர்மானிக்கும் என்றுதான் படித்தவர்களும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி ஊரின் குணம். கல்முனைக்குடியில் மீன் பெட்டி செய்கிற சின்னத் தொழிற்சாலை ஒன்றுக்கு ஒரே நாளில் காணி பேசி முடித்ததை நான் பார்த்திருக்கிறேன். யாவாரம் செய்து பழகிய ஊர், குடிக்கிற பிளேன்ரீ ஆறுவதற்குள் ஒரு முடிவைச் சொல்லும், சொன்னதை மாற்றாது. கொம்பனிக்காரன் ஆசைப்பட்டு வந்தது பாதைக்கு, நிலைத்து நின்றது அந்த வாய்ச்சொல்லுக்கு.

சாகாமத்துப் பக்கம் நடந்தது நேர்மாறு. ஒரு கொம்பனி அங்கே பெரிய அரிசி ஆலை போட வந்தது. குளம் இருக்கிறது, சுற்றிவர வயல், வேலைக்கு ஆண்பிள்ளைகள் தாராளம். நான் படிவத்தில் தெளிவாக எழுதியிருந்தேன், விதைப்பு வந்தாலும் வெட்டு வந்தாலும் இந்த ஊரில் ஒருவனும் வேறு வேலைக்கு வரமாட்டான் என்று. கொம்பனியின் மனேஜர் ஆட்களின் தொகையை மட்டும் வாசித்தார். ஆலைக்கு நெல் வந்து குவிகிற அதே மாதத்தில் வேலையாட்கள் அத்தனை பேரும் வயலில் நின்றார்கள். மனேஜர் ஜீப்பை எடுத்துக்கொண்டு வரம்போரம் போய்ச் சத்தம் போட, வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "வேளாண்மை வயல்ல கிடக்கக்கொள மெசினுக்கு நெல்லு அள்ள வரச் செல்லுறீங்களே, உங்களுக்கு நெல்லு எங்கால வார எண்டு தெரியுமா?"

சோம்பேறி ஊர் என்று மனேஜர் கொழும்புக்கு எழுதினார். சில போகங்கள் தள்ளி ஆலையை மூடினார்கள். இன்றைக்கு அந்தக் கட்டடத்துக்குள் ஆடுகள் படுக்கின்றன. அப்போது எனக்கு மனேஜர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கண் முன்னால் எழுதிக் கிடந்ததை வாசிக்காத மனிதன் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். நான் அதைவிடக் கேவலமான காரியம் செய்யப் போகிறவன் என்பது அன்றைக்குத் தெரியாது.

அதற்கு முன்னால் கந்தவனம் சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கந்தோரின் மேலதிகாரி, யாழ்ப்பாணத்தவர். வெள்ளைச் சேர்ட்டை முழங்கைக்கு மேல் மடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். எவர் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிற படிவங்களைக் கடைசிக் கேள்வியிலிருந்து முதல் கேள்விக்குப் பின்பக்கமாக வாசிப்பார். முன்னாலிருந்து வாசித்தால் கதை பிடித்துவிடும், பிழை தெரியாது என்பார். கையில் ஓர் அடி நீள மர அடிமட்டம் இருக்கும். அதை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே வருவார். கையொப்பம் இல்லாத படிவம் கண்டால் இரண்டாக மடித்து நம் பக்கம் தள்ளிவிடுவார். திரும்பவும் சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

படிவத்தின் அடியில் 'குறிப்புகள்' என்று நான்கு வரி இருந்தது. அந்த நான்கு வரியில் எவராவது எதையாவது எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். நான் ஒருதரம் மருதமுனைப் படிவம் ஒன்றில், இந்த வீட்டில் தறிச்சத்தம் கேட்கிறது, ஆனால் பெண்கள் எவரும் தொழில் செய்வதில்லை என்று வீட்டுக்காரர் சொல்கிறார் என்று எழுதிவிட்டேன். கூப்பிட்டார்.

"தறிச்சத்தம் படிவத்திலை எந்தக் கேள்வி?"

"கேள்வி இல்ல சேர். ஆனா பொம்பிளைகள்தான் நெய்யுறாங்க. அது தெரிஞ்சுகொண்டு இல்லையெண்டு எழுத மனம் வரல்ல."

"நீர் கேட்டதை எழுதும். நினைக்கிறதை எழுத வேண்டாம். நீர் இண்டைக்கு ஒரு சத்தத்தை நினைச்சு எழுதுவீர், நாளைக்கு இன்னொருத்தர் தேத்தண்ணிக் கடையிலை இருந்துகொண்டு முழுப் படிவத்தையும் நினைச்சு எழுதுவார்."

அப்படி எழுதிய ஓர் உத்தியோகத்தர் முன்பு இருந்திருக்கிறார், அதனால்தான் இந்தக் கண்டிப்பு. நேர்மையான மனிதர். அவருடைய நேர்மையில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அந்த நேர்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன் நான்.

யுத்தம் முடிந்து சில வருஷங்களில் ஆடைத் தொழிற்சாலைகள் கிழக்குப் பக்கம் இடம் தேடத் தொடங்கின. ஒரு கொம்பனிக்கு நிந்தவூரில் பிரதான வீதியோடு கிடந்த ஒரு தென்னங்காணி பிடித்துப்போய்விட்டது. வந்த மனேஜர் கெட்டிக்காரர். முதலில் பள்ளிவாசலுக்குப் போய் அதை நிர்வகிக்கிற மரைக்கார்மாரைச் சந்தித்தார். நானும் கூடப் போனேன். பெண்களுக்குத் தனி வாசலும் தொழுகைக்கு இடமும் தருவதாகச் சொன்னார். மரைக்கார்மார் தங்களுக்குள் கொஞ்சம் கதைத்துவிட்டு, "பொம்பிளைகள் விருப்பப்பட்டு, வீட்டுக்காரரும் சம்மதிச்சா எங்களுக்கு ஒரு மறுப்பும் இல்ல" என்றார்கள். மனேஜரின் முகம் மலர்ந்துவிட்டது. வெளியில் வந்து என் தோளில் தட்டி, இனி எல்லாம் உங்கள் படிவம்தான் என்றார். அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. காணி சரி, பள்ளி சரி, கடைசியில் எல்லாம் பதினேழாவது கேள்வியின் அந்தச் சின்னக் கட்டத்தில் வந்து நின்றது.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடித்துக் கொடுப்போம். மாப்பிள்ளை பெண்ணுடைய வீட்டுக்கு வருவார். ஒரு வளவைப் பார்த்தால் உம்மா ஒரு வீடு, பக்கத்தில் மூத்த மகள், அதற்கடுத்து இளையவள் என்று பெண்கள் வரிசையாக இருப்பார்கள். வந்து சேர்ந்தவர்கள் ஆண்கள்தான். ஆடைத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இருக்கிற பெரிய தலையிடி, பழக்கி எடுத்த பிள்ளை கலியாணம் முடித்து வேறு ஊர் போய்விடுவாள் என்பது. எங்கள் பிள்ளைகள் போகமாட்டார்கள். அவர்களுடைய வீடு, வளவு, உம்மா, பிள்ளையைப் பார்க்கிற ராத்தா, தங்கச்சி எல்லாம் அங்கேயே இருக்கும். அந்தக் கொம்பனி கனவில் தேடிய ஊர் இதுதான். படிவத்தில் இதை எழுத ஒரு கேள்வியும் இல்லை.

அதே வழக்கத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கலியாண வயதில் குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் வாப்பாவுக்கு ஒரே யோசனை வீட்டைக் கட்டி முடிப்பதுதான். என் மகள் வேலைக்குப் போக விருப்பம் என்று அவர் சொன்னால், என்னால் வீட்டை முடிக்க ஏலாது என்று அவரே ஊருக்கு அறிவித்த மாதிரி. கலியாணம் பேச வந்தவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடுவார்கள். ஆகவே முன்வாசலில் நின்று பதினேழாவது கேள்வியைக் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும். அதைப் பொய் என்று எங்கள் ஊரில் எவரும் சொல்லமாட்டார்கள். பசியோடு போன வீட்டில் சாப்பிட்டீங்களா என்று கேட்டால் ஓம் என்று சொல்கிறோமே, அந்த மாதிரி மரியாதைப் பேச்சு. ஊரில் பிறந்த எனக்கு இது நன்றாகத் தெரியும்.

அலியார் காக்காவின் வீட்டுக்குப் போனது ஒரு மத்தியானம், லுஹர் நேரம். குத்தகைக்கு வயல் செய்கிற மனிதர். மகளுக்குக் கட்டத் தொடங்கிய வீடு, கதவு நிலைக்கு மேலே எழும்பாமல் நின்றுவிட்டது. சுவர்களுக்குள்ளே எருக்கலை முளைத்திருந்தது. உள்ளே ஒரு தையல் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது. பதினாறு கேள்விக்கும் மனிதர் சந்தோசமாகப் பதில் சொன்னார். பதினேழாவதைக் கேட்டதும் மெசின் நின்றது.

"எங்கட வீட்டுப் பொம்பிளைகள் வேலைக்குப் போறல்ல தம்பி" என்றார் அலியார் காக்கா. கொஞ்சம் உரத்தே சொன்னார், பக்கத்து வளவுக்கும் கேட்கட்டும் என்று. பிறகு கையொப்பம் வைத்தார்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் திரும்புகிறபோது, குசினிப் பக்கத்து வேலியோரம் அவருடைய மகள் ஜெஸீமா நின்றாள். என் மகள் றிஸ்னாவோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள்.

"சாச்சா, வாப்பா சென்னதயா எழுதின?"

"ஓம் மகள். அவர்தானே கையொப்பம் வைக்கணும்."

"அப்ப நாங்க எங்க வைக்கிற?"

"படிவத்துல அதுக்கு இடமில்ல மகள்."

"இடம் இல்லாட்டி வேற தாள்ல எழுதித் தந்தா எடுப்பீங்களா? வாப்பாவால இந்த வீட்ட முடிக்க ஏலா சாச்சா. அவருக்கும் அது தெரியும். செல்லத்தான் மாட்டாரு. இந்தக் காமென்ஸ் பெக்டரி வந்தா நானே முடிச்சிருவன்."

எடுப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பார்ப்பம் மகள் என்று சொல்லிவிட்டு மிதித்தேன். உத்தியோகத்தர்களின் வாயில் எந்த நேரமும் தயாராக இருக்கிற பதில் அது.

அடுத்த கிழமை நான் கந்தோரால் வந்தபோது என் மனைவி ஒரு கொப்பித்தாளை நீட்டினாள். சட்டை தைக்கிற சாட்டில் ஜெஸீமா வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒற்றைக் கோட்டுத் தாள், இரண்டு பக்கமும் பெயர்கள். பெயர், வயது, எந்த ஒழுங்கை, தையல் தெரியுமா தெரியாதா என்று நிரல் போட்டு, நான் செய்வதைவிட வடிவாகச் செய்திருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அவரவர் கையொப்பம். நாற்பத்தி மூன்று பேர். நான் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்த வீடுகளின் பிள்ளைகள். வாசிக்க வாசிக்க எனக்கே பெருமையாக இருந்தது, அல்லாஹ் அறிவான். குறிப்புகள் வரிக்குள் அடங்காது, தனியாக இணைப்பாகவே வைக்கலாம், கந்தவனம் சேரோடு ஒருநாள் சண்டை பிடித்தாவது வைக்கலாம் என்று நினைத்தேன்.

பின்பக்கத்தில் பதினொன்றாவது பெயர் என் மகள் றிஸ்னாவுடையது.

அந்த வெள்ளிக்கிழமை சாய்ந்தமருதிலிருந்து அவளைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். கல்முனை பஸாரில் கடை வைத்திருக்கிற மாப்பிள்ளை. அவளுக்கென்று நான் கட்டிய வீட்டுக்குப் பூச்சு வேலையும் முடிந்திருந்தது. இந்தத் தாள் கந்தோருக்குப் போனால் மனேஜர் கைக்குப் போகும். மனேஜர் சந்தோசத்தில் மரைக்கார்மாரிடம் காட்டுவார். பின்னேரம் அஸருக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், ஒபிசர்ட மகளே காமென்ஸுக்குப் போக எழுதிக் குடுத்திருக்காள் என்று. சாய்ந்தமருதுக்குச் செய்தி போக அரை மணித்தியாலம் காணும்.

தாளைக் கிழித்து அடுப்புக்குள் வைத்தேன். மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

மகளின் பெயரை மட்டும் வெட்டிவிட்டு மற்றதைக் கொடுத்திருக்கலாமே என்று இதை வாசிக்கிற இளையவர்கள் கேட்பீர்கள். நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். மற்றவன் பிள்ளையை ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு என் பிள்ளையை மட்டும் ஒளிப்பது அநியாயம் என்று அன்றைக்கு எனக்கு நானே ஒரு நியாயம் சொன்னேன். நல்ல நியாயம். அந்த நாற்பத்திரண்டு பேரும் என்னிடம் ஒளிக்கச் சொல்லவேயில்லை.

என் வீடும் அந்த வரிசையில் இருந்ததால் அதற்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பதினேழாவது கட்டத்தில் பூச்சியம் போட்டேன். குடும்பத் தலைவர் கையொப்பம், நான். விசாரித்த உத்தியோகத்தர் கையொப்பம், நான். கந்தவனம் சேர் அடிமட்டத்தை வைத்துக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நின்றார்.

"ரெண்டு இடத்திலையும் நீர்தானோ?"

"ஓம் சேர்."

"சரி."

மொத்தமாகக் கூட்டிப் பார்த்தபோது அந்தப் பகுதி முழுவதற்கும் விருப்பமுள்ள பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் விதவைகள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தங்கள் பெயரைத் தாங்களே எழுத முடிந்தவர்கள் அவர்கள்தான். கந்தவனம் சேர் தானும் ஒருதரம் கூட்டிப் பார்த்தார். பிறகு அடிமட்டத்தை மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். நான் அவரோடு வேலை செய்த அத்தனை வருஷத்திலும் ஒரே ஒரு தடவைதான் அவர் இப்படிக் கேட்டார்:

"உம்மடை ஊர். உமக்குத் தெரியும். இது சரியெண்டு நினைக்கிறீரோ?"

அந்தக் கேள்விக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்! தறிச்சத்தத்துக்குச் சிவப்புக் கோடு வாங்கியவன். அன்றைக்கு வாயைத் திறந்து இரண்டு வசனம் சொல்லியிருந்தால் போதும். இங்கே வாப்பாமார் இப்படித்தான் சொல்வார்கள் சேர், பிள்ளைகளைத் தனியாகக் கேளுங்கள் என்று. அவர் எழும்பி என்னோடு வந்திருப்பார், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"சரி சேர். இதுதான் ஊர் நிலைமை" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையொப்பம் வைத்தார்.

மனேஜர் கோபிக்கவும் இல்லை. நல்ல ஊர், நல்ல காணி, ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கை கொடுத்துவிட்டுப் போனார். தொழிற்சாலை கடற்கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் வேறோர் ஊருக்குப் போனது, பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலத் தூரம். சாய்ந்தமருதுச் சம்பந்தம் பொருந்தி, றிஸ்னாவின் நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. ஊரே வந்து பிரியாணி தின்றது. ஜெஸீமாவும் வந்து, மணப்பெண்ணைச் சோடித்துவிட்டு, சாப்பிடாமல் போனதாக மனைவி பிறகு சொன்னாள்.

நான் பென்சன் எடுத்துச் சமாதான நீதவானாக இருந்த காலத்தில், ஒருநாள் அலியார் காக்கா ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். மகள் வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதற்குத் தகப்பனுடைய சம்மதக் கடிதம். அவர் ஏற்கெனவே கையொப்பம் வைத்திருந்தார். நான் உறுதிப்படுத்தி முத்திரை குத்த வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை.

"காக்கா, ஊருக்குள்ள காமென்ஸ் வரக்கொள வேணாண்டு சென்னீங்க. இப்ப எங்கயோ ஒரு நாட்டுல, ஆரோ ஒருத்தன்ட வீட்டுல பாத்திரம் கழுவ அனுப்புறீங்களே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை.

"ஊருக்குள்ள போனா நாலு பேர் பார்ப்பாங்க தம்பி. அங்க போனா ஆரு பார்க்கிற? நீங்களும் ஒரு பொம்புளப்புள்ளட வாப்பாதானே. உங்களுக்கு விளங்காதா?"

விளங்கியது. முத்திரை குத்திக் கொடுத்தேன். ஜெஸீமா போனாள். அந்த வீடு நிலைக்கு மேலே எழும்பி, ஓடு போட்டு, மாபிள் பதித்து முடிந்தது. அதற்குள் அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. வந்தவர்கள் எல்லாம் இரண்டாம் தாரம் கேட்டு வந்தவர்கள். அவள் மறுத்துவிட்டுத் திரும்பவும் போனாள். வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்தபோதும் வர முடியவில்லை. இன்றைக்கும் அவள் அங்கேதான். அந்த வீட்டில் அவளுடைய உம்மா தனியாக மாபிளைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

நாடு முழுக்கப் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் என் மருமகனின் கடை விழுந்தது. பிறகு எழும்பவேயில்லை. இரண்டு பிள்ளைகள். ஒருநாள் றிஸ்னா எவரிடமும் கேட்காமல் வேலைக்குப் போகத் தொடங்கினாள். வேறெங்கே, நான் உள்நாட்டுக்குத் துரத்தி அனுப்பிய அதே தொழிற்சாலைக்குத்தான். விடியமுன் சுபஹு தொழுதவுடன் கொம்பனி பஸ் பிரதான வீதியால் வரும். நாய்க்கடிப் பயத்தில் நான்தான் டோர்ச்சோடு அவளைச் சந்திவரை கொண்டுபோய் விடுவேன். ஒவ்வொரு ஒழுங்கையாலும் ஹபாயா போட்ட பெண்கள் கையில் சோற்றுப் பார்சலோடு வந்து சேர்வார்கள். என் படிவத்தின்படி இந்த ஊரில் இல்லாத பெண்கள். பஸ் நிறைந்து போகும். வீட்டிலிருந்து நடந்து போய், மதியம் வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டியவர்கள், போகவர மூன்று மணித்தியாலம் சீட்டில் தூங்கி விழுகிறார்கள். இப்போது வாப்பாமாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஊர் மாறிவிட்டது என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

போன மாரியில் ஒருநாள் மழைக்கு பஸ் பிந்திவிட்டது. கடைத் தகரத்துக்குக் கீழே நானும் அவளும் தனியே நின்றோம். இத்தனை வருஷமும் வாய்க்குள் கிடந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். அதையும் நேர்மையாகக் கேட்கவில்லை, பழியை வேறோர் ஆளின் தலையில் கட்டுகிற மாதிரித்தான் கேட்டேன்.

"அந்தக் காலத்துல ஜெஸீமா ஒரு தாள் தந்தாள். அதுல உன்ட பேரும் கிடந்திச்சி. அவள்ட கதையக் கேட்டுத்தானே மகள் நீ எழுதின?"

றிஸ்னா ஹபாயாவின் ஈரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"ஜெஸீமா எழுத வேணாண்டுதான் சென்னா வாப்பா. உன்ட பேர் கிடந்தா உங்கட வாப்பா குடுக்கமாட்டாரு, எல்லாருட பேரும் கெட்டுப் போயிரும் எண்டு அழுதா. நான்தான் கேக்கல்ல. குடுப்பாரு எண்டு அவளுட்ட சத்தியம் பண்ணிட்டு எழுதின."

"என்னத்துக்கு மகள்? வாயால என்னட்டச் சென்னா என்ன?"

"நீங்க கேட்டிருந்தாச் செல்லியிருப்பன். நீங்க வீடு வீடாப் போய்க் கேட்டீங்க. எங்கட வீட்டுல கேக்கல்ல. அதான் எழுதின. கொம்பனிக்காரனுக்கு எழுதல்ல வாப்பா, நீங்க வாசிக்கத்தான் எழுதின."

பஸ்ஸின் வெளிச்சம் மழைக்குள்ளால் வந்தது. அவள் சோற்றுப் பார்சலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஏறினாள். நான் அந்தப் பெயரை வாசித்ததும் தாளை எரித்ததும், பக்கத்தில் நின்று பார்த்த அவளுடைய உம்மா மூலம், அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அந்த வெள்ளிக்கிழமை முக்காட்டைப் போட்டுக்கொண்டு, சாய்ந்தமருதுக்காரர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.